முட்டைக்கு ஒரு பிரிமணை: கோழி முட்டையிடும் பெட்டியில் எதைப் பரப்புவது?

கொல்லையில் நாலைந்து கோழி வைத்திருப்பவர்களிடம், முட்டைப் பெட்டியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பழைய புடவை என்பார். இன்னொருவர் சாக்கு, வேறொருவர் மணல், தேங்காய் நார், வைக்கோல். ஒன்றுமே போடாமல் வெறும் கூடையைச் சாய்த்து வைத்திருப்பவர்களும் உண்டு. ஏன் இதைப் போட்டீர்கள் என்றால் எல்லோரிடமிருந்தும் வருவது ஒரே பதில்தான்: "முட்டை உடையாம இருக்கணும்ல."

உடையாமல் இருக்க வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் மனத்தில் வைத்து, மெத்தென்று இருக்கிற எதையும் உள்ளே திணிப்பதால்தான் அழுக்கு முட்டையும், சீக்கிரம் கெட்டுப்போகும் முட்டையும், செல் (கோழியை அண்டும் பூச்சி) பிடித்த கோழியும் வந்து சேர்கின்றன. முட்டை வெளியே வந்த முதல் சில நிமிடங்களில் அதற்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பொருள் ஆகும், எது ஆகாது என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

பெட்டிக்குள் பரப்பும் பொருளை இந்தக் கட்டுரை முழுக்கக் கூளம் என்று சொல்வோம். பண்ணைகளில் தரை முழுக்கப் பரப்புவதை ஆழ்கூளம் என்பார்கள். அது வேறு கணக்கு, இங்கே அதைப் பேசவில்லை.

## முதல் சில நிமிடங்கள்

முட்டையிடப் போகும் கோழி பெட்டிக்குள் நுழைந்ததும் உட்கார்ந்துவிடுவதில்லை. சுற்றிச் சுற்றி வரும். காலால் பின்னுக்குச் சீய்க்கும். நெஞ்சை அழுத்தி ஒரு குழி பண்ணும். பிறகு உட்கார்ந்து, முட்டை வரும் நேரத்தில் பாதி எழுந்து குந்தி நிற்கும். சில சென்டிமீட்டர் உயரத்திலிருந்து முட்டை அந்தக் குழிக்குள் விழும்.

எச்சமும் முட்டையும் ஒரே வாசல் வழியாக வருவதால், முட்டை அழுக்காகத்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முட்டையிடும்போது முட்டைக் குழாயின் கடைசிப் பகுதி, சட்டைக் கையை உள்பக்கம் வெளியாக இழுத்ததுபோலப் பிதுங்கி வரும். முட்டையை வெளியே வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். எச்சம் வரும் பாதை முட்டையின் மேல் அநேகமாகப் படுவதே இல்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் கோழி சுத்தமான முட்டையைத்தான் இடுகிறது. அழுக்கெல்லாம் அது விழுந்த இடத்தில் ஒட்டியது.

விழுந்த முட்டை ஈரமாகப் பளபளக்கும். ஓட்டின் மேல் இருக்கும் அந்த மெல்லிய ஈரப்படலத்துக்கு மேற்பூச்சு என்று பெயர். சில நிமிடங்களில் அது காய்ந்துவிடும். புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவை நினைத்துக்கொள்ளுங்கள்: காய்வதற்குள் தூசி பட்டால் பட்டதுதான். முட்டையும் அப்படியே. அந்தச் சில நிமிடத்தில் மரத்தூளோ மணலோ எச்சமோ பட்டால் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே காய்ந்துபோகும்.

இதைவிட முக்கியமான ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். முட்டையும் அதே சூட்டில்தான் வெளியே வருகிறது. வந்ததும் ஆறத் தொடங்குகிறது. சுடச்சுடச் சாதத்தை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு அழுத்தி மூடிவிட்டு, மதியம் திறக்க முடியாமல் தவித்திருப்போம். உள்ளே இருந்த சூடான காற்றும் நீராவியும் ஆறிச் சுருங்கி, மூடியை உள்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும். முட்டைக்குள்ளும் ஆறும்போது இதே சுருக்கம் நடக்கிறது. ஒரே வித்தியாசம், முட்டை ஓட்டில் பல ஆயிரம் நுண்துளைகள் இருக்கின்றன. கரு வளர்ந்தால் மூச்சுவிடுவதற்காக இருக்கும் துளைகள் அவை. அதனால் ஓடு இறுகுவதற்குப் பதிலாக, வெளிக்காற்று துளைகள் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. அப்படி உள்ளே போன காற்று அகன்ற முனையில் தங்கும். இதுதான் காற்றறை. அவித்த முட்டையை உரிக்கும்போது அடிப்பக்கத்தில் தெரியும் அந்தக் குழிவு அதனால் உண்டாவது.

காற்றை இழுக்கும் துளை, பக்கத்தில் ஈரமிருந்தால் ஈரத்தையும் இழுக்கும். முட்டை ஈர எச்சத்தின் மேலோ பூசணம் பிடித்த வைக்கோலின் மேலோ கிடந்து ஆறினால், அந்த ஈரத்திலுள்ள கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். மேற்பூச்சு காய்ந்துவிட்டால் துளைகளை ஓரளவு அடைத்துக் காக்கும். காய்வதற்கு முன்னால் அந்தக் காவல் முழுமையாக இருக்காது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: முட்டை சுத்தமாக, ஈரமாக, சூடாக வருகிறது. காய்ந்து ஆறும்வரை தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் உள்ளேயும் இழுக்கும். ஆகவே கூளத்தின் முதல் வேலை உலர்ந்திருப்பது. மெத்தென்று இருப்பது அதற்கு அடுத்ததுதான்.

## மெத்தையைவிடப் பிரிமணை நல்ல உவமை

வைக்கோலைப் புரியாகத் திரித்து வளையமாகச் சுற்றி, மண்பானையின் அடியில் வைப்பார்களே, அந்தப் பிரிமணையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அது பானையை உருளவிடாது, தரையில் இடிக்கவும் விடாது. அடியில் தண்ணீர் சொட்டினாலும் காற்றோட்டத்தில் காய்ந்துவிடும். கூளமும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

குழி நிற்க வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பெட்டியில் இரண்டாவது, மூன்றாவது முட்டை சேரும்போது ஒன்றோடொன்று மோதித்தான் பெரும்பாலும் விரிசல் விழுகிறது. கூளம் இலேசான கிண்ணம்போல் குழிந்து நின்றால் முட்டைகள் நடுவில் மெதுவாகச் சேர்ந்து கிடக்கும். கோழி சீய்த்ததும் சரிந்து தரை தெரியும் பொருளானால், முட்டை மூலைக்கு உருண்டு பலகையில் இடிக்கும்.

உடைந்த முட்டையோடு தொல்லை முடிவதில்லை. ஒழுகிய கருவைக் கோழி கொத்திப் பார்க்கும். ருசி கண்டுவிட்டால் முழு முட்டையையே கொத்த ஆரம்பிக்கும். ஒரு கோழி தொடங்கியதை மற்றவையும் பழகிக்கொள்ளும். கரு ஒட்டிய கூளத்துக்கு எறும்பு வரும், ஈ வரும். ஒரு சென்டிமீட்டர் கூளம் குறைந்ததில் தொடங்கி முட்டை குடிக்கும் கோழிவரை வந்து நிற்பது அடிக்கடி நடப்பதுதான்.

ஆக, எந்தப் பொருளைப் பார்த்தாலும் நான்கு கேள்வி போதும். குழி நிற்குமா? ஈரத்தை வாங்கி விரைவில் காயுமா? தூசி குறைவா? கோழியின் விரலிலோ நகத்திலோ சிக்காமல் இருக்குமா?

## நம் ஊரில் கிடைப்பவை

வைக்கோல்தான் பெரும்பாலானோர் கையில் முதலில் கிடைப்பது. குழி பிடிப்பதில் அதற்கு இணை இல்லை. தாள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கோழி செய்த கிண்ணம் அப்படியே நிற்கும். குறை, ஈரம் வாங்குவதில் இருக்கிறது. நெல் தாளின் வெளிப்பக்கம் வழவழப்பானது; எச்சத்தின் ஈரம் அதில் ஊறாமல் வழிந்து அடிக்குப் போய்த் தங்கும். மேலே காய்ந்து தெரியும், அடியில் பூசணம் பிடித்திருக்கும். அதனால் வைக்கோலை முழு நீளத்தில் போடக் கூடாது. நான்கு விரற்கடை, அதாவது ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு அரிவாளால் நறுக்கிப் போட்டால் வெட்டிய முனைகள் வழியாக ஈரம் கொஞ்சம் உள்ளே போகும், காலிலும் சுற்றாது, கோழி வெளியே வரும்போது கொத்தாக இழுத்துக்கொண்டும் வராது.

எந்தப் போகத்து வைக்கோல் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். குறுவை அறுவடை மழைக்காலத்தை ஒட்டி வருவதால் அந்த வைக்கோல் வயலிலேயே நனைந்திருக்க வாய்ப்பு அதிகம். தை, மாசியில் வரும் சம்பா வைக்கோல் வெயிலில் நன்றாகக் காய்ந்து கிடைக்கும். ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். காய்ந்த புல் வாசனை வந்தால் சரி. புழுங்கிய துணியின் வாடை வந்தாலோ, உதறும்போது வெள்ளையாகவோ கறுப்பாகவோ தூள் பறந்தாலோ அது பூசணம். மாட்டுக்கே ஆகாத அந்த வைக்கோலைக் கோழிக்குப் போடலாம் என்று ஒதுக்கி வைப்பது நம் வழக்கத்தில் இருக்கிறது. அது பெரிய தவறு. கோழியின் மூச்சு நுரையீரலோடு நிற்பதில்லை. உடலுக்குள் பல காற்றுப் பைகளுக்கும் போகிறது. பூசண வித்துகள் அங்கே போய்த் தங்கினால் எளிதில் குணமாகாது. குஞ்சுகள் இதில் கூட்டமாகச் சாகும்.

நெல் உமி ஈரத்தில் கட்டி பிடிக்காது, விரைவில் மட்காது, உதிரி உதிரியாக நின்று காற்றோட்டம் தரும். ஆனால் தனியாகப் போட்டால் குழி நிற்பதில்லை. மணற்குவியலில் விரலால் குழி பண்ணினால் சரிந்து மூடுமே, அதே கதைதான். இலேசானது என்பதால் கோழி நாலு சீய்ப்புச் சீய்த்தால் பாதி வெளியே போய்விடும். இன்னொன்று, எந்த மில் உமி என்று கேளுங்கள். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் கலந்து வரும், குருணையும் இருக்கும். அதைப் போட்டால் கோழி முட்டையிடுவதை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் தீனி பொறுக்கும், எலியும் வரும். ரப்பர் ரோல் மில்லின் உமி சுத்தமாக இருக்கும். எதுவானாலும் முறத்தில் ஒருமுறை புடைத்துத் தூசியைப் போக்கிவிட்டுப் போடுவது நல்லது.

தச்சுப் பட்டறையில் இழைப்புளி தள்ளும் மரச்சுருள் கிடைத்தால் விடாதீர்கள். நான்கு கேள்விக்கும் அதுதான் நல்ல பதில் தருகிறது: ஈரத்தை உறிஞ்சும், குழியும் ஓரளவு நிற்கும், தூசியும் குறைவு, காலில் சுற்றாது. ஆனால் சுருள் வேறு, மரத்தூள் வேறு. ரம்பத்தில் அறுக்கும்போது விழும் தூள் மாவுபோல் இருக்கும். ஈர முட்டையில் அப்பிக்கொள்ளும், கோழியின் மூக்கிலும் ஏறும், சில கோழிகள் தின்றும் தொலைக்கும். பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கவும் கூடாது: இது முழு மரம் இழைத்ததா, அல்லது ப்ளைவுட், எம்.டி.எஃப் பலகை அறுத்ததும் கலந்திருக்கிறதா? அந்தப் பலகைகளில் பசை இருக்கிறது. வார்னிஷ் தேய்த்த தூளும், கரையான் மருந்து அடித்த மரத்தின் சீவலும் வேண்டவே வேண்டாம்.

தென்னை மரம் இருக்கும் வீடுகளில் நார்தான் சுலபம் என்று தோன்றும். நாரையும் நார்க்கழிவுத் தூளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நீளமான நார் கோழியின் விரலில் சுற்றி இறுகும். முதலில் தெரியாது, இரண்டு மூன்று நாளில் விரல் வீங்கி, கவனிக்காமல் விட்டால் இரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போகும். குஞ்சுகளுக்கு இது இன்னும் மோசம். கோழி நாரை விழுங்கினால் தீனிப்பையில் உருண்டையாகச் சேர்ந்து அடைக்கும். நார்க்கழிவுத் தூளோ தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். செடித் தொட்டிக்கு அது வரம். முட்டைப் பெட்டிக்கு அதுவே பழுது, ஏனென்றால் வாங்கிய ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். நனைந்தால் முட்டையில் பழுப்புக் கறையும் ஏறும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பழைய துணியும் சாக்கும் ஈரத்தை வாங்கிக் காயாமல் வைத்திருக்கும்; இழையில் நகம் மாட்டும்; மடிப்புகளில் பூச்சி குடியேறும். மணல் கனம், கடினம், ஈர முட்டையில் ஒட்டும். செய்தித்தாள் நனைந்ததும் தட்டையாக ஒட்டி வழுக்கும். கடலைத் தோலில் பூசணம் எளிதில் பிடிக்கும். கரும்புச் சோகையின் ஓரம் அறுக்கும். காய்ந்த மா இலை, வேப்பிலைச் சருகு அவசரத்துக்கு ஆகும், ஆனால் நாலு நாளில் நொறுங்கித் தூளாகிவிடும். சாம்பல் கோழி மண்குளியல் போடும் குழிக்கு நல்லது. பெட்டிக்குள் ஈரத்தோடு சேர்ந்தால் காரமாகி முட்டையின் மேற்பூச்சைக் கெடுக்கும். பிளாஸ்டிக் புல் விரிப்பைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாம், ஆனால் கோழிக்குச் சீய்க்க ஒன்றும் இல்லாததால் சில கோழிகள் அதை விட்டுவிட்டுப் புதருக்குப் போய் இடும்.

ஒன்றைத் தேர்ந்து சொல்லுங்கள் என்றால், நம் ஊர் நிலைமைக்கு இரண்டு அடுக்கு சிறந்தது. அடியில் மூன்று சென்டிமீட்டர் உமி. அதன் மேல் ஏழெட்டு சென்டிமீட்டர் நறுக்கிய வைக்கோல் அல்லது மரச்சுருள். வைக்கோல் குழியைப் பிடித்து நிற்கும். வழிந்து வரும் ஈரம் உமியில் பரவிக் காயும். உமி மேலே இல்லாததால் சிதறுவதும் குறையும்.

## அளவும் பெட்டியும்

ஒரு பெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்டிமீட்டர், அதாவது ஓரடி இருந்தால் நாட்டுக்கோழிக்குத் தாராளம். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவிப் படுக்கவைத்து, மூடியில் பாதியை வெட்டி முன்பக்கம் தடுப்பாக வைத்தாலும் அருமையான பெட்டிதான். உருளாமல் இரண்டு பக்கமும் செங்கல் வையுங்கள்.

முன்பக்கத் தடுப்பு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். கூளம் காணாமல் போகிறது என்று புலம்புகிறவர்களின் பெட்டியைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தத் தடுப்பு இருக்காது, அல்லது இரண்டு விரல் உயரத்தில் இருக்கும்.

ஓரடிப் பெட்டியில் பத்து சென்டிமீட்டர் நிரப்ப ஒன்பது லிட்டர் கூளம் பிடிக்கும். ஒரு பெரிய பக்கெட்டில் ஏறக்குறையப் பாதி. கோழி இரண்டு நாள் உட்கார்ந்ததும் அது அமுங்கும். அமுங்கிய பிறகும் எட்டு சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அளவுகோல் தேவையில்லை. குழியின் நடுவில் கையை முஷ்டியாக மடக்கி அழுத்துங்கள். விரல் மூட்டில் பலகை தட்டுப்பட்டால் முட்டைக்கும் தட்டுப்படும். இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுங்கள். ஈரத்துக்கும் கைதான் கருவி. அடிக்கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறங்கள். உதிர்ந்துவிட்டால் சரி. கொழுக்கட்டைபோல் பிடித்த வடிவிலேயே நின்றால் முழுவதையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தினமும் முட்டை எடுக்கும்போதே எச்சம் பட்ட இடத்தை மட்டும் ஒரு கைப்பிடி அள்ளி எறிந்துவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் போட்டால், முழுக்க மாற்றுவது கோடையில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும். கூளம் தானாக ஈரம் இழுக்கும். அப்போது வாரம் ஒருமுறை மாற்றுவதுதான் பாதுகாப்பு. மழைக்கு முன்பே இரண்டு மூட்டை காய்ந்த கூளத்தைப் பரணில் ஏற்றி வையுங்கள். அடைமழையில் நல்ல வைக்கோல் தேடி அலைய முடியாது.

சுருக்கம்: ஓரடிப் பெட்டி, பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத தடுப்பு, அமுங்கிய பிறகும் எட்டு சென்டிமீட்டர் கூளம், கைப்பிடிச் சோதனை.

## கூளம் நல்லதுதான், முட்டை மட்டும் ஏன் அழுக்கு?

நல்ல கூளம் போட்டும் முட்டை அழுக்காகவே வருகிறதென்றால் கூளத்தை மாற்றிக்கொண்டே இருப்பதில் பலனில்லை. இரவில் டார்ச் அடித்து, கோழி எங்கே அடைந்திருக்கிறது என்று பாருங்கள். கோழி இருட்டியதும் கிடைப்பதில் உயரமான இடம் தேடும். இரவு முழுக்க எச்சமிடும். அடையும் கம்பு பெட்டியைவிடத் தாழ்ந்திருந்தால் பெட்டியே படுக்கையாகிவிடும். கம்பைப் பெட்டியைவிட ஓரடியாவது உயர்த்துங்கள். பெட்டியின் மேற்கூரை தட்டையாக இருந்தால் அதிலும் ஏறி நிற்கும், சாய்வாக வையுங்கள். அப்படியும் கேட்காத கோழி இருந்தால் சாயங்காலம் பெட்டி வாயில் ஒரு பலகையைச் சாத்திவிட்டு, விடியுமுன் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான முட்டைகள் காலையிலிருந்து மதியத்துக்குள் வருவதால் இரவில் அடைப்பதில் நஷ்டமில்லை.

எல்லாக் கோழியும் ஒரே பெட்டியில் முண்டியடிப்பது இன்னொரு காரணம். கோழிக்கு ஏற்கெனவே முட்டை கிடக்கும் இடம்தான் பிடிக்கும். கிராமங்களில் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டுவைப்பது அதனால்தான். காலியாகவே கிடக்கும் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் முட்டையோ பீங்கான் முட்டையோ வைத்தால் கூட்டம் பிரியும். வெளிச்சம் அதிகமாக விழும் பெட்டிக்கு முன்னால் ஒரு சாக்குத் துண்டைத் திரைபோல் தொங்கவிட்டாலும் கோழி நம்பி உள்ளே வரும்.

முட்டையைக் காலை பத்துப் பதினொரு மணிக்கு ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை எடுங்கள். சேவலோடு இருக்கும் கோழியின் முட்டையில் கரு இருக்கும். சுமார் 20 டிகிரிக்கு மேல் போனாலே அது மெல்ல வளரத் தொடங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், அதுவும் மாறி மாறிக் கோழி உட்காரும் பெட்டியில், முட்டையைச் சாயங்காலம்வரை விட்டுவைப்பது அரைகுறையாக அடைகாத்ததற்குச் சமம்.

அழுக்கு முட்டையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. டிபன் பாக்ஸை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். சூடான முட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே சுருங்கி, அழுக்குத் தண்ணீரையே இழுக்கும். காத்துக்கொண்டிருந்த மேற்பூச்சும் கழுவப்பட்டுவிடும். இலேசான அழுக்கைக் காய்ந்த முரட்டுத் துணியால் துடைத்தால் போதும். மோசமாக இருந்தால் முட்டையைவிடச் சற்றுச் சூடான தண்ணீரில் கழுவி அன்றைக்கே சமைத்துவிடுங்கள். சேமிக்கவோ அடைக்கோ வைக்காதீர்கள்.

## இடும் பெட்டி வேறு, அடைக்கூடை வேறு

மணல் நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது அடை வைக்கும் கூடையிலிருந்து வந்தது. மூங்கில் கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துக் கோழியை உட்காரவைப்பது நம் பழைய முறை. கூடவே இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் மிளகாயும் வைப்பார்கள். இடிச் சத்தத்தில் முட்டை கெடக் கூடாது என்று வைக்கும் அந்த வழக்கத்துக்கும் கூளத்துக்கும் தொடர்பில்லை. மணலுக்கு மட்டும் அங்கே நிஜமான வேலை இருக்கிறது.

அடையில் இருக்கும் கோழி 21 நாள் ஏறக்குறைய நகராமல் உட்கார்ந்து, ஒரு நாளைக்குப் பலமுறை முட்டைகளைப் புரட்டிப் போடும். இத்தனை நாளும் குழியின் வடிவம் மாறக் கூடாது. கனமான மணலில் பண்ணிய ஆழமில்லாத குழி அப்படியே நிற்கும். கோழியின் சூட்டையும் சீராக வைத்திருக்கும். குழி ஆழமாகப் போனால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உடையும். தட்டையாக இருந்தால் ஓர முட்டை உருண்டு வெளியே போய்ச் சில்லிட்டுவிடும். அங்கே வைப்பது ஏற்கெனவே காய்ந்து ஆறிய முட்டை. ஒரே கோழிதான் உட்காரும். அதுவும் நாளுக்கு ஒருமுறை வெளியே போய்த்தான் எச்சமிட்டு வரும். இடும் பெட்டியில் இந்த மூன்றுமே இல்லை. அடைக்கூடையின் கூளத்தை நடுவில் மாற்றிக் கோழியைக் கலைக்கக் கூடாது. குஞ்சு பொரித்து இறங்கியதும் மொத்தமாக அகற்றிவிட வேண்டும். இடும் பெட்டிக்கு இது நேர்மாறு.

## வேப்பிலை, நொச்சி, செல்

கூளத்தில் வேப்பிலையோ நொச்சியோ போட்டால் செல் வராது என்பார்கள். போடுவதில் தவறில்லை, ஆனால் நிழலில் நன்றாக உலர்த்திய இலையாக இருக்க வேண்டும். பச்சை இலை, நாம் பாடுபட்டுக் காயவைத்த கூளத்துக்கு ஈரத்தைத் திரும்பக் கொண்டுவரும். இலையை மட்டும் நம்பி இடுக்குகளைப் பார்க்காமல் விட்டால் ஏமாற்றம்தான்.

செல், பேன், உண்ணி என்று நாம் கலந்து பேசும் பூச்சிகளில், பெட்டியோடு நேரடித் தொடர்புள்ளது சிவப்புச் சிற்றுண்ணி. பேன் கோழியின் மேலேயே வாழும். சிற்றுண்ணி பகலில் பலகை இடுக்கிலும் கூளத்தின் அடியிலும் ஒளிந்திருந்து, இரவில் ஏறி இரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாதது அதனால்தான். வெப்பமான நாளில் ஒரு வாரம் பத்து நாளிலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். பெட்டியைச் சில வாரம் சும்மா போட்டுவைப்பதால் ஒழியாது.

இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு வெள்ளைத் தாளைக் கம்பின் அடிப்பக்கத்திலும் பெட்டி இடுக்கிலும் வைத்து அழுத்தித் தேயுங்கள். தாளில் சிவப்புக் கீறல் விழுந்தால் அது கோழியின் இரத்தம் குடித்த சிற்றுண்ணி நசுங்கியது. கோழி திடீரென்று பெட்டியை விட்டுவிட்டு வெளியே இடத் தொடங்கினாலும், கொண்டை வெளிறினாலும் முதலில் இதைச் சோதியுங்கள்.

இருந்தால் கூளம் முழுவதையும் எடுத்து அன்றைக்கே எரித்துவிடுங்கள். பெட்டியின் இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றி, நாள் முழுக்க வெயிலில் காயவையுங்கள். மரப் பலகையானால் இடுக்கை அடைத்துச் சுண்ணாம்பு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுக்கூளம் போடுங்கள். ஐந்தாறு நாள் கழித்து இதையே இன்னொரு முறை செய்ய வேண்டும், ஏனென்றால் தப்பிய சிற்றுண்ணி முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். கோழியின் மேல் மருந்து போட வேண்டியிருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள். எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

செல் இல்லாத பழைய கூளத்தை வீணாக்க வேண்டாம். எச்சம் கலந்த வைக்கோலையும் சுருளையும் குப்பைக்குழியில் போட்டுத் தண்ணீர் தெளித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் வைக்கோல் மட்கி வாழைக்கும் கத்தரிக்கும் நல்ல எருவாகும். சுருள் இன்னும் தாமதமாகும். உமி மட்கவே மட்காததுபோல் கிடக்கும், அப்படியே மண்ணில் கலந்தாலும் மண் பொலபொலப்பாகும். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு செடியின் தூரில் மட்டும் கொட்டாதீர்கள். பச்சைக் கோழி எச்சத்தின் சூட்டில் வேர் கருகும்.